கூகுள் போட்டோஸை லேப்டாப்புக்கு இறக்கும்போது ‘இடமில்லை’ என்கிறதா?

கூகுள் போட்டோஸில் பத்துப் பன்னிரண்டு வருடப் படங்கள் சேர்ந்துவிட்டன, இலவசமாகத் தந்த 15 ஜி.பி. நிரம்பிவிட்டது, மாதாமாதம் காசு கட்ட மனசில்லை. சரி, எல்லாவற்றையும் லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தால் பாதி வழியில் ‘போதிய இடமில்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். சி டிரைவில் 80 ஜி.பி. காலியாக இருக்கிறது, இறக்குவதோ 15 ஜி.பி.க்குள், இதென்ன கூத்து என்று தோன்றும்.

அந்தப் பெட்டி பெரும்பாலும் எங்கே இடமில்லை என்று தெளிவாகச் சொல்வதில்லை. கூகுளிலிருந்து கிளம்பும் படங்கள் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் போய்ச் சேருவதற்குள் நாலைந்து இடங்களில் இறங்கி ஏறுகின்றன. அதில் எந்த இடம் நிரம்பினாலும் வருகிற வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பெட்டியைப் பார்த்ததும் லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் அழிக்கக் கிளம்பாதீர்கள். எங்கே முட்டுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப், கூகுள் போட்டோஸ் என்ற கூட்டணியை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டுவது அங்கேதான். ஐபோன்காரர்களுக்குப் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.

எவ்வளவு வரப்போகிறது?

கூகுள் கணக்கின் ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘போட்டோஸ் 11 ஜி.பி.’ என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை நம்பி இறங்காதீர்கள். 2021 ஜூன் 1-க்கு முன்பு ‘ஹை குவாலிட்டி’ என்ற (படத்தைக் கொஞ்சம் சுருக்கிச் சேமிக்கும்) அமைப்பில் ஏற்றிய படங்களும் வீடியோக்களும் அந்தக் கணக்கில் சேருவதே இல்லை. அன்றுவரை அவற்றுக்கு அளவில்லாமல் இடம் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு ஏற்றியவைக்குத்தான் கணக்கு ஓடுகிறது. ஆனால் இறக்கும்போது பழையது புதியது எல்லாம் சேர்ந்துதான் வரும். 2014-லிருந்து ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவருக்கு, 11 ஜி.பி. என்று காட்டிய கணக்கிலிருந்து 50 ஜி.பி. வந்து விழுந்தால் ஆச்சரியமே இல்லை.

அதோடு முடியாது. கூகுளிலிருந்து மொத்தமாக எடுக்க டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது. அது படங்களை வருடவாரியாக ஃபோல்டர்களில் போட்டுத் தரும். நீங்கள் ஆல்பம் ஏதாவது உருவாக்கியிருந்தால் அந்த ஆல்பத்துக்கும் தனி ஃபோல்டர் வரும், அதற்குள் அதே படங்கள் இன்னொரு முறை இருக்கும். தங்கை கல்யாணத்துக்கு ஆல்பம் போட்டிருந்தால் கல்யாணப் படம் ஒவ்வொன்றும் இரண்டு தடவை வருகிறது என்று அர்த்தம். போனில் வெட்டித் திருத்திய படங்களுக்கும் அசல் ஒன்று, திருத்தியது ஒன்று என்று இரண்டு பிரதி வரும். இப்படியெல்லாம் சேர்ந்து 50 என்பது 60 ஆகிவிடும்.

அடுத்த இடிதான் பெரிது. டேக்அவுட் தருவது ஜிப் ஃபைல். ஜிப் என்றால் சுருக்கியது, பிரித்தால்தான் பெரிதாகும் என்று நாம் பழகிவிட்டோம். படத்துக்கும் வீடியோவுக்கும் அது பொருந்தாது. ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டவை, அதற்குமேல் சுருங்க அதில் ஒன்றுமில்லை. ஆகவே 60 ஜி.பி. படங்களுக்கு ஜிப்பும் கிட்டத்தட்ட 60 ஜி.பி. அதைப் பிரித்தால் இன்னொரு 60. ஜிப்பை அழிக்கும்வரை இரண்டும் டிஸ்க்கில் இருக்கும், ஆக மொத்தம் 120. உங்கள் 80 ஜி.பி. காலி இடத்தில் ஜிப் முழுசாக இறங்கிவிடும், 20 மிச்சமிருக்கும், சந்தோஷமாகப் பிரிக்க ஆரம்பித்தால் மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் பெட்டி வந்துவிடும். சில சமயம் அந்தப் பெட்டியில் 80070070 என்று முடிகிற ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்கு அர்த்தம் டிஸ்க் நிரம்பிவிட்டது என்பதுதான், வேறு கோளாறு எதுவும் இல்லை.

லேப்டாப் வாங்கும்போது 256 ஜி.பி. என்றார்கள், உள்ளே 238 என்றுதான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. ஒரு டி.பி. டிஸ்க் 931 என்று தெரிவதும் இதனால்தான். இடம் பார்க்கும்போது எப்போதும் விண்டோஸ் காட்டும் எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள்.

கேட்கும் விதத்திலேயே பாதிப் பிரச்சினை தீரும்

டேக்அவுட் பக்கத்தைத் திறந்ததும் கூகுளின் எல்லாச் சேவைகளும் டிக் ஆகி இருக்கும். அப்படியே கொடுத்தால் மெயில், டிரைவ், யூடியூபில் நீங்கள் ஏற்றிய வீடியோ என்று அத்தனையும் வந்து குவியும். மேலே உள்ள ‘டிசெலக்ட் ஆல்’ என்பதை அழுத்திவிட்டு, கீழே போய் கூகுள் போட்டோஸை மட்டும் டிக் செய்யுங்கள். அதன் கீழேயே ‘ஆல் போட்டோ ஆல்பம்ஸ் இன்க்ளூடட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். நிறைய பேர் அதைக் கவனிப்பதே இல்லை. அழுத்தினால் வருடம் வருடமாகவும் ஆல்பம் ஆல்பமாகவும் பட்டியல் விரியும். இடம் குறைவாக இருப்பவர்கள் வருட ஃபோல்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆல்பங்களின் டிக்கை எடுத்துவிடலாம், இரட்டைப் பிரதித் தொல்லை பெரும்பாலும் அதோடு போய்விடும். ஆல்பமாகப் பிரித்து வைத்ததுதான் முக்கியம் என்றால் வேறு விஷயம். மற்றவர்கள் உங்களுக்குப் பகிர்ந்த ஆல்பத்தில் இருக்கும் படங்களை நீங்கள் உங்கள் கணக்கில் சேமித்துக்கொள்ளவில்லை என்றால், அவை உங்கள் வருட ஃபோல்டருக்குள் இருக்காது என்பதையும் மறக்காதீர்கள்.

என் யோசனை, எல்லா வருடங்களையும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். இரண்டு மூன்று வருடங்களாகக் கேளுங்கள். டேக்அவுட் தரும் இணைப்புகள் ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும், அதற்குப் பிறகு மறுபடி கேட்டுக் காத்திருக்க வேண்டும். மெதுவான நெட்டில் 60 ஜி.பி.யை ஒரு வாரத்துக்குள் இறக்கிப் பிரித்து முடிப்பது லேசான வேலை இல்லை, நடுவில் இடம் போதாமல் நின்றுவிட்டால் அந்த வாரமும் கரைந்துவிடும்.

அடுத்து, எங்கே அனுப்பட்டும் என்று கேட்கும். மெயிலில் இணைப்பு அனுப்பு என்பதையே தேர்ந்தெடுங்கள். ‘டிரைவில் சேர்’ என்பது வசதியாகத் தெரியும், ஆனால் அந்த ஜிப் உங்கள் கூகுள் கணக்கின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். இடம் நிரம்பியதால்தானே இந்த வேலையே? நிரம்பிய குடத்தில் மறுபடி தண்ணீர் ஊற்றுவது போல, அங்கேயே முட்டி நிற்கும். அப்போது வருகிற ‘இடமில்லை’ கூகுள் கணக்கைப் பற்றியது, லேப்டாப்பில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது போகாது.

கடைசியாக, துண்டின் அளவு. 1, 2, 4, 10, 50 ஜி.பி. என்று இருக்கும். ஒரே ஃபைலாக வந்தால் நிம்மதி என்று 50-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம், அவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். இடம் நெருக்கடியாக இருந்தால் 2 ஜி.பி. போதும். காரணம் எளிது. ஒரு துண்டை இறக்கி, பிரித்து, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்து, ஜிப்பை அழித்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போனால், படங்களுக்கு வேண்டிய இடத்துக்கு மேல் கூடுதலாக 2 ஜி.பி. இருந்தால் போதும், இரண்டு மடங்கு தேவையில்லை. கரண்ட் போனாலும் நெட் போனாலும் நஷ்டம் ஒரு சின்னத் துண்டோடு நிற்கும். அழுத்திக்கொண்டே இருப்பது அலுப்பான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். இடம் தாராளமாக இருப்பவர்கள் 10 வைத்துக்கொள்ளலாம்.

இறக்கும்போது நின்றால்

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் குரோம் சி டிரைவில் உள்ள டவுன்லோட்ஸ் ஃபோல்டரில்தான் போடும். வெளியே 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கைச் செருகி வைத்துக்கொண்டு, குரோம் சி டிரைவை நிரப்பிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் விடுவது சகஜம். குரோம் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய், இடத்தை வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் எங்கே போடட்டும் என்று கேட்கச் சொல்லும் சுவிட்சும் அங்கேயே இருக்கிறது, அதையும் போட்டுவிடலாம்.

முன்பு பாதியில் நின்ற டவுன்லோடுகள் ஏதாவது இருந்தால் அந்த அரைகுறை ஃபைல்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்க வாய்ப்புண்டு. பெயருக்குப் பின்னால் ‘சிஆர்டவுன்லோட்’ என்று இருக்கும். இப்போது எதுவும் இறங்கிக்கொண்டிருக்கவில்லை என்றால் அவற்றை அழித்துவிடலாம். ஃபோல்டரை அளவுவாரியாக அடுக்கிப் பாருங்கள், கண்ணில் பட்டுவிடும்.

பிரிக்கும்போது நின்றால்

பெரும்பாலான ‘இடமில்லை’ பெட்டிகள் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன.

ஜிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ கொடுத்தால், ஜிப் இருக்கும் அதே இடத்தில் ஜிப்பின் பெயரிலேயே ஒரு ஃபோல்டரை விண்டோஸ் தானாகக் காட்டும். அதை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளி டிஸ்க்கில் ‘படம்’ என்று ஒரு சின்னப் பெயரில் ஃபோல்டர் உருவாக்கி, எல்லாத் துண்டுகளையும் அதற்குள்ளேயே பிரியுங்கள். எல்லா ஜிப்பின் உள்ளேயும் ஃபோல்டர் அமைப்பு ஒன்றுதான் என்பதால் 2017 படங்கள் எந்தத் துண்டிலிருந்து வந்தாலும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும். பெயர் சின்னதாக இருக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போய், முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸின் பல பகுதிகள் தடுமாறும், அப்போதும் பிரிப்பது நின்றுவிடும். நேரே டிரைவின் முதல் மட்டத்தில் ஃபோல்டர் போட்டால் அந்தத் தொல்லை வராது.

ஜிப்பைப் பிரிக்க செவன்-ஜிப் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், ஜிப்பைத் திறந்து உள்ளே இருப்பதை மவுஸால் இழுத்து வெளி டிஸ்க்கில் போடாதீர்கள். அதன் பழைய பதிப்புகள், இழுத்துப் போட்டால் முதலில் சி டிரைவின் டெம்ப் (தற்காலிக) ஃபோல்டரில் முழுசாகப் பிரித்துவிட்டு அப்புறம்தான் நீங்கள் சொன்ன இடத்துக்கு நகர்த்தும். வெளி டிஸ்க்கில் 800 ஜி.பி. காலியாக இருக்கும், ஆனாலும் இடமில்லை என்று வரும், தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ‘எக்ஸ்ட்ராக்ட்’ பட்டனை அழுத்தி, போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லிக் கொடுத்தால் நேரே அங்கேயே போகும்.

இன்னொரு மறைவான பொறி ஒன்டிரைவ், அதாவது மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பு. புதிய விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் பிக்சர்ஸ், டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் மூன்றும் ஒன்டிரைவுக்குள் இணைக்கப்பட்டிருக்கும், அமைக்கும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ அழுத்தியதில் நமக்கே தெரியாமல் நடந்திருக்கும். படங்கள்தானே என்று பிக்சர்ஸில் பிரித்தால், லேப்டாப் உடனே அவற்றை மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பிக்கும். அங்கே இலவசம் 5 ஜி.பி.தான். கொஞ்ச நேரத்தில் ‘இடம் நிரம்பிவிட்டது’ என்ற அறிவிப்பு வரும், அது ஒன்டிரைவ் பற்றியது, உங்கள் டிஸ்க்கைப் பற்றியது அல்ல. ஒரு கிளவுடிலிருந்து கஷ்டப்பட்டு இறக்கி இன்னொரு கிளவுடில் ஏற்றிக்கொண்டிருப்பதில் நெட்டும் வீண். ஃபோல்டரின் முகவரிப் பட்டையில் ஒன்டிரைவ் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதற்கு வெளியே வேறு ஃபோல்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளி டிஸ்க்கில் இடமிருந்தும் மறுத்தால்

பென்டிரைவில் 50 ஜி.பி. காலி, 6 ஜி.பி. ஃபைலை நகல் எடுத்தால் ‘ஃபைல் மிகப் பெரியது’ என்கிறதா? அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 என்ற அமைப்பில் இருக்கிறது. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் இருக்க முடியாது, மொத்தம் எவ்வளவு காலி என்பது பேச்சே இல்லை. டிரைவின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அங்கே ‘ஃபைல் சிஸ்டம்’ என்ற வரியில் தெரியும். விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவீர்கள் என்றால் என்டிஎஃப்எஸ், மேக்கிலும் செருகுவீர்கள் என்றால் எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் வேறெங்காவது எடுத்து வையுங்கள். 2 ஜி.பி. துண்டு கேட்டிருந்தால் ஜிப்பில் இந்தப் பிரச்சினையே எட்டிப்பார்க்காது, இரண்டு மணிநேரக் கல்யாண வீடியோ ஏதாவது இருந்தால்தான் வரும்.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு சின்ன விசித்திரம் உண்டு. டேக்அவுட் ஒவ்வொரு படத்தோடும் ஜேசான் என்ற குட்டி ஃபைல் ஒன்றைச் சேர்த்து அனுப்பும். படம் எடுத்த தேதி, இடம், நீங்கள் எழுதிய குறிப்பு எல்லாம் அதில் இருக்கும், அளவு என்னவோ ஒன்றிரண்டு கே.பி.தான். ஆனால் பெரிய எக்ஸ்ஃபேட் டிஸ்க்குகளை வழக்கமான அமைப்பில் ஃபார்மேட் செய்தால் இடத்தை 128 கே.பி. கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கும், ஒரு கே.பி. ஃபைலுக்கும் ஒரு முழுக் கட்டம் போய்விடும். 20,000 படங்கள் என்றால் இந்தக் குட்டி ஃபைல்களே சுமார் 2.4 ஜி.பி. தின்றுவிடும். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ‘சைஸ்’ ஒரு எண்ணும் ‘சைஸ் ஆன் டிஸ்க்’ அதைவிடப் பெரிய எண்ணும் காட்டுவது இதனால்தான். அதற்காக ஜேசான் ஃபைல்களை உடனே அழித்துவிடாதீர்கள். படத்துக்குள்ளேயே தேதி இல்லாத பழைய வாட்ஸ்அப் படங்களுக்கு, எப்போது எடுத்தது என்று சொல்லும் ஒரே ஆதாரம் சில சமயம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆன்லைனில் ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்கு 2 டி.பி. பென்டிரைவ் என்று விற்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜி.பி. சிப்பாக இருக்கும், 2 டி.பி. என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். இதில் இடமில்லை என்ற பெட்டிகூட வராது. நகல் நல்லபடியாக முடிந்தது போலக் காட்டும், பிறகு திறந்தால் பாதிப் படங்கள் சாம்பல் கட்டங்களாக இருக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருளை வைத்து முழு அளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிட்டு அப்புறம் படங்களைப் போடுங்கள்.

சி டிரைவில் இடம் செய்வது

வெளி டிஸ்க் இல்லை, லேப்டாப்பிலேயேதான் வைக்க வேண்டும் என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். எது எவ்வளவு எடுத்திருக்கிறது என்று அங்கே பட்டியல் வரும். ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ என்பதைத் திறந்து வேண்டாததை டிக் செய்து நீக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலிலேயே ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்தால், இவ்வளவு நேரம் இறக்கிய ஜிப்கள் எல்லாம் சேர்ந்தே போய்விடும். கவனமாக அந்த டிக்கை எடுத்துவிட்டு மற்றதை நீக்குங்கள். விண்டோஸைப் பெரிய அளவில் புதுப்பித்திருந்தால் பழைய விண்டோஸின் நகல் ஒன்று பல ஜி.பி. பிடித்துக்கொண்டு கிடக்கும், பழையதற்குத் திரும்பும் எண்ணம் இல்லை என்றால் அதையும் நீக்கலாம்.

பிரித்து முடித்த ஜிப்பை அழித்தும் இடம் கூடவில்லையே என்றால் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள், அங்கேதான் இருக்கும். காலி செய்தால்தான் இடம் திரும்பும். ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு டெலீட் கொடுத்தால் நேரே போய்விடும், திரும்பி வராது என்று தெரிந்தே செய்யுங்கள். லேப்டாப்பை ஒரே நொடியில் சுத்தம் செய்கிறேன் என்று வரும் கிளீனர் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள், விண்டோஸ் ஃபோல்டருக்குள் நுழைந்து எதையும் கையால் அழிக்கவும் வேண்டாம். சி டிரைவைக் கடைசி ஜி.பி. வரை நிரப்பாமல் ஒரு 20 ஜி.பி.யாவது விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் லேப்டாப்பே நத்தையாகிவிடும்.

ஐபோன்காரர்களுக்கு இரண்டே விஷயம். ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’ போட்டிருந்தால் முழு அளவுப் படங்கள் போனில் இருக்காது, ஐகிளவுடில்தான் இருக்கும். அதனால் கேபிள் போட்டு எடுத்தால் எல்லாமே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். விண்டோஸுக்கான ஐகிளவுட் மென்பொருளும் வழக்கமாகச் சி டிரைவில்தான் இறக்கும். ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் உங்கள் தரவின் நகல் கேட்டால், டேக்அவுட் போலவே துண்டு அளவு தேர்ந்தெடுத்து வாங்கலாம். மேலே சொன்ன கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும்.

எல்லாம் இறங்கிய பிறகு

ஒவ்வொரு வருட ஃபோல்டரிலும் பத்துப் பதினைந்து படங்களையும் ஒன்றிரண்டு வீடியோக்களையும் திறந்து பாருங்கள். டேக்அவுட் எத்தனை துண்டு கொடுத்ததோ அத்தனையும் பிரித்தோமா என்று எண்ணிக்கொள்ளுங்கள், நடுவில் ஒன்று விடுபட்டால் வெளியே தெரியவே தெரியாது. முடிந்தால் இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி போட்டு, அது வந்த பிறகே கூகுளில் கை வையுங்கள்.

அங்கே அழிக்கும்போது, பேக்கப் ஓடுகிற போனிலிருந்தும் அந்தப் படம் சேர்ந்தே போகும். அழித்தவை 60 நாள் டிராஷில் இருக்கும், டிராஷைக் காலி செய்தால்தான் கணக்கில் இடம் திரும்பும். எதை அழிப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2021 ஜூனுக்கு முன்பு ஹை குவாலிட்டியில் ஏற்றியவை 15 ஜி.பி. கணக்கில் இல்லவே இல்லை என்று பார்த்தோமே, அவற்றை மூவாயிரம் நாலாயிரம் என்று அழித்தாலும் உங்கள் இடம் ஓர் எம்.பி. கூடக் கூடாது. ஆகவே பழைய படங்கள் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். கூகுளின் ஸ்டோரேஜ் பக்கத்தில் பெரிய படங்கள், வீடியோக்கள் என்று தனியாகக் காட்டும் பட்டியலைத் திறந்து, 2021 ஜூனுக்குப் பிறகு எடுத்த நீள வீடியோக்களில் ஆரம்பியுங்கள்.